மிச்ச நூலுக்கு ஒன்பது மைனஸ்

"அப்ப மூணுக்கும் மைனஸ்தானா சார்?"

"மூணுக்கும்தான். அம்மன் கோயிலுக்கு ஒண்ணு, தர்காவுக்கு ஒண்ணு, மாதா கோயிலுக்கு ஒண்ணு. ஒண்ணுக்குப் பன்னெண்டு மார்க் போச்சு."

"யாருக்குமே எதுவும் குடுக்காம இருந்திருந்தா?"

"நூத்துக்கு நூறு."

"ஒரு கோயிலுக்கு மட்டும் குடுத்துட்டு மத்த ரெண்டையும் விட்டிருந்தா?"

"எண்பத்தெட்டு."

"மூணு பேருக்கும் ஒரே மாதிரி குடுத்தா அறுபத்திநாலா? இதுதானே சார் நடுநிலை?"

போனின் மறுமுனையில் மேலதிகாரி வெங்கிட்டு சார் சிரித்தார். பாலக்காட்டுச் சிரிப்பு, மூக்கிலிருந்து வருவது.

"அது மட்டாஞ்சேரி நடுநிலையாக்கும் கொழந்தே. மார்க் ஷீட்டோட நடுநிலை வேற. அறுபதுக்கு மேல நிக்கறதோல்லியோ? சாயங்காலம் அஞ்சு மணிக்கு அனுப்பிட்டு நிம்மதியா இரு."

சங்கரி போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். கீழே சுக்குக் கிடங்கிலிருந்து காரமான வாசனை ஏறி வந்தது. அறுபத்திநாலு. நாலு மார்க் இடைவெளியில் உயிர் தப்பிய கணக்கு.

அவளை இந்த வாரம்தான் சந்திக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. வயது இருபத்தாறு. வீடு கொச்சி மட்டாஞ்சேரியில். காக்கநாட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. பெரிய கம்பெனிகள் எந்தக் கட்சிப் பக்கமாவது, எந்தச் சாமி பக்கமாவது சாய்கின்றனவா என்று, அவர்கள் வெளியிடும் காகிதங்களைப் படித்து மார்க் போடுவதுதான் வேலை. அந்த மார்க்கை வாங்குகிறவர்கள் எங்கோ ஒரு குளிர் தேசத்தில் வாத்தியார்களின் ஓய்வூதியத்தை முதலீடு செய்கிறவர்கள். அறுபதுக்குக் கீழே போன கம்பெனியில் அவர்கள் கால் வைக்க மாட்டார்கள். வைத்திருந்தால் எடுத்துவிடுவார்கள்.

பத்து நாளுக்கு முன் அவளிடம் வந்த கம்பெனியின் பெயர் பெல்தாரியோ. இத்தாலிக்காரர்கள். பட்டும் தோலுமாகக் கைப்பை செய்கிறவர்கள். அதில் ஒரு பையின் விலைக்கு அவள் அண்ணன் அருண்பாண்டி லோடு ஏற்ற ஒரு பெட்டி ஆட்டோ வாங்கிவிடலாம்.

கோப்பைத் திறப்பதற்கு முன்பே ஒரு படிவம் வரும். 'இந்தக் கம்பெனியோடு தொடர்புள்ள உறவினர் உண்டா?' இருபது கம்பெனிகளுக்கு 'இல்லை' என்று அழுத்திய விரல், இருபத்தோராவதற்கும் அழுத்திவிட்டது.

அதற்குப் பிறகுதான் கம்பெனியின் வருடாந்திரப் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் முழுக்க அவளுடைய அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

நீலச் சேலை. கையில் மடித்த பச்சைத் துணி. உசிலம்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்து முப்பது வருடமாகியும் போட்டோ என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்கிற அதே ஒச்சம்மாள். பைகளின் மேல் படரும் கொடியும் பூவும் எங்கே தைக்கப்படுகின்றன என்பது சங்கரிக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி, பழைய அரிசிக் கிடங்கின் மாடியில், யூசுப்பின் பட்டறையில். அம்மாவோடு சேர்த்து இருபத்திரண்டு பெண்கள். 'வெளிநாட்டுப் பைக்கு வேலை' என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எந்த வெளிநாடு, எந்தப் பை என்று மகள் ஒரு நாளும் கேட்டதில்லை.

படத்தின் கீழே இரண்டே வரி. மீந்துபோன நூலில் மூன்று வழிபாட்டு இடங்களுக்குக் கொச்சிப் பெண்கள் வருடந்தோறும் துணி தைத்துக் கொடுக்கிறார்கள் என்று கம்பெனி பெருமையாகப் போட்டிருந்தது. பெருமைக்குத்தான் முப்பத்தாறு மார்க் போயிற்று.

அந்த இரண்டு வரியில் இல்லாதது சங்கரிக்குத் தெரியும்.

பட்டறையில் வெட்டி விழும் பட்டு நூலைப் பெண்கள் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்கள். முதல் வருடம் அவரவர் சாமிக்கு அவரவர் தைத்தார்கள். அம்மன் பட்டில் ஒரு பூ கூடிப்போனது. அதைப் பார்த்து தர்காப் போர்வையில் இரண்டு பூ கூடியது. மாதாவின் விரிப்புக்கு ஓரமே இரட்டையானது. ஒரு வாரம் பட்டறையில் ஊசி விழும் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது.

அடுத்த வருடம் யூசுப் சீட்டுப் போட்டார். துணிக்கு நாற்பது பூ, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தன் சாமியின் சீட்டே தன் கைக்கு வந்தால் அதை டின்னில் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். தன் சாமிக்குத் தான் தைக்கக் கூடாது. அதனால்தான் ஒச்சம்மாள் கையில் தர்காவின் பச்சை. பக்கத்தில் தைக்கும் ஷபானா கையில் அம்மனின் சிவப்பு.

ஷீட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஆனால் ஒரு விதி இருந்தது. கம்பெனியிடம் விளக்கம் கேட்கலாம். விளக்கம் திருப்தியாக இருந்தால் பாதி மார்க்கைத் திருப்பித் தரலாம். சங்கரி திங்கட்கிழமை கேள்வியை அனுப்பினாள். இந்த மூன்று துணிகளையும் யார் தைப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? சீட்டுக் கதை அவர்கள் வாயாலேயே வரட்டும் என்றுதான். அனுப்பும்போது, முறையாக இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தாள்.

'இவை தவிர வேறு ஏதேனும் உண்டா?'

இல்லை என்று பதில் வரும். அந்த 'இல்லை' அம்மாவுக்கு உதவும். அப்படித்தான் நினைத்தாள்.

*

மதியம் அருண்பாண்டி தலைத்துண்டை உதறிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தான். பஜாரில் லோடு இறக்குகிறவன். தோளில் மல்லித்தூள்.

"ஏ புள்ள, சோத்தப் போடு. இன்னைக்கு ஒரு சமாச்சாரம் இருக்கு."

"என்ன சமாச்சாரம்?"

"நம்ம யூசுப் இக்கா இத்தாலிக்காரனுக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கு பாரு. அடிபொளி!"

சங்கரி குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டாள்.

"என்ன லெட்டர்ணே?"

"உங்க ஆபீஸ் மாதிரியே ஏதோ ஒரு மார்க் போடுற ஆபீஸாம். அவன் இத்தாலிக்காரன்ட்ட கேட்டிருக்கான். இத்தாலிக்காரன் அத அப்படியே இக்காவுக்குத் தள்ளிவிட்டுட்டான். மூணு இடத்துக்குத் துணி குடுக்குறீங்களாமே, வேற எதாச்சும் உண்டான்னு. இக்காவுக்கு மொகமே வாடிப்போச்சு. 'நம்மள என்ன நினைச்சான் அவன்? மூணு பேருக்குப் பண்ணிட்டு மத்தவங்கள விட்டுட்டோம்னா?' அப்படின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, நான்தான் பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா ஞாபகப்படுத்துனேன். ஜைனக் கோயிலுக்குத் திரை. கொங்கணிங்க கோயில் உற்சவக் குடைக்குக் குஞ்சம். எங்க யூனியன் கொடிக்கு ஓரம். எங்களுக்குத் தச்சா எதிர் யூனியன்காரன் சும்மா இருப்பானா? அவனுக்கும் தச்சுது. அதையும் எழுதச் சொன்னேன். நான் பாரபட்சம் பாக்கல." அவன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். "எலெக்‌ஷன்ல ஜெயிச்ச ஆளுக்கு ஒரு பொன்னாடை. தோத்த ஆளுக்கும் அதே அளவு, அதே கரை, ஒரு பொன்னாடை. எவன் பண்ணுவான் சொல்லு, தோத்தவனுக்கு?"

சங்கரி விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். மூன்றோடு ஆறு. ஒன்பது.

"அனுப்பியாச்சா?"

"நேத்தே."

"அண்ணே, அவங்க கணக்குல அது ஒவ்வொண்ணும் ஒரு குறைண்ணே."

"குறையா?" அவன் கை நின்றது. "யாரையாச்சும் விட்டாத்தான குறை? யாரையும் விடலையே."

 காலையில் வெங்கிட்டு சாரிடம் அவள் கேட்டதும் இதேதான்.

தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அருண்பாண்டிக்கு வேகம் வந்துவிட்டது. "பிரச்சனையாவுமா? ஆச்சுன்னா சொல்லு. எங்க ஆளுக முப்பது பேரக் கொடியோட கொண்டாந்து பட்டறை வாசல்ல நிறுத்துறேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பயந்துருவான்."

"வேணாம்ணே. அது பத்தாவதாயிரும்."

*

பட்டறைக்கு அவள் போனது எதற்கென்று அவளுக்கே தெரியாது. அனுப்பிய கடிதத்தை யாரும் திரும்ப வாங்க முடியாது. ஆனாலும் கால் போயிற்று.

மாடியில் மூன்று மரச்சட்டங்கள். சட்டத்துக்கு ஏழெட்டுப் பெண்கள். இழுத்துக் கட்டிய தந்தநிறப் பட்டின் மேல் ஊசிகள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. இந்தப் பூக்கள் கடல் தாண்டிப் போய், மழை பெய்யும் ஏதோ ஒரு சதுக்கத்தில், யாரோ ஒருத்தியின் தோளில் தொங்கும். அவளுக்கு மட்டாஞ்சேரி என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது. சிறு வயதில் இப்படி நினைக்கச் சங்கரிக்குப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.

ஷபானாதான் முதலில் பார்த்தாள். "வாடி சங்கரி! உங்கம்மாவுக்குச் சொல்லு. இத்தாலி புக்குல போட்டோ வந்ததுலேருந்து சாயா கிளாஸக்கூட நாங்கதான் கழுவணுமாம்."

"போடி, நீ கழுவுற லட்சணத்துக்கு..." ஒச்சம்மாள் தலை நிமிரவில்லை. ஊசிமுனையில் ஓர் இலை முடிகிற நேரம். "சாப்ட்டியா? அண்ணன் வந்தானா?"

"வந்துச்சு."

"மோளே, நல்ல நேரத்துல வந்தே." யூசுப் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனை நீட்டினார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்; தாத்தா காலத்திலேயே மலையாளம் நாக்கில் ஏறிவிட்டது. "இதொண்ணு வாசிச்சு நோக்கு. இங்கிலீஷ்ல தப்பு வல்லதும் உண்டோ?"

அவள் வாசித்தாள். ஆங்கிலம் கொஞ்சம் நொண்டியது. பொய் ஒரு வரிகூட இல்லை. ஒன்பது இடங்களையும் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். 'ஐயா, எங்கள் ஊரில் எங்கள் நூல் எட்டாத வாசல் ஒன்றுகூட இல்லை. யாரும் மனவருத்தப்பட நாங்கள் இடம் வைக்கவில்லை.'

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சீட்டுப் போடறத எழுதலையா இக்கா?"

"அதெதுக்கு மோளே? அது நம்ம வீட்டுச் சண்டை. வெளிய பறயிறதுக்கு நாணக்கேடு." அவர் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். "தப்பு ஒண்ணும் இல்லல்லோ?"

"இல்ல இக்கா. நல்லா எழுதியிருக்கீங்க."



அவள் போன் அடித்தது. வெங்கிட்டு சார். மரப்படியில் இறங்கி நின்று எடுத்தாள்.

"கேட்டயா கொழந்தே, பெல்தாரியோ விளக்கம் வந்துடுத்து. அவா ஒரு வார்த்தை சொல்லலே. சப்ளையரோட லெட்டரை அப்படியே பின் பண்ணி அனுப்பிட்டா. மூணு இப்போ ஒம்பதாச்சு."

"தெரியும் சார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

மேலே ஷபானா ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அம்மாவின் சிரிப்பைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது.

"சார், அந்த நாப்பத்தொண்ணாம் பக்கத்து போட்டோல நிக்கறது எங்கம்மா."

வெங்கிட்டு சார் மேஜை விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது. 

"நான் ஒண்ணும் கேக்கலே. நீ ஒண்ணும் சொல்லலே."

"நான் படிவத்துல தப்பாப் போட்டுட்டேன் சார். கோப்ப வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

"குடுக்கலாம். உன் வேலை போகும். கோப்பு அடுத்த மேஜைக்குப் போகும். அங்க இருக்கறவனும் ஒம்பதுன்னுதான் போடுவான். ஒம்பதை வேற யார் எண்ணினாலும் ஒம்பதுதானே?" அவர் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் நன்னாவா இருக்கு? ஷீட்டை நான் எழுதலே. எழுதினவாளை நான் பார்த்ததுகூட இல்லே."

"அவங்க சொன்னதெல்லாம் உண்மை சார். யாருக்கும் ஒரு பூ கூட்டியும் குடுக்கல, குறைச்சும் குடுக்கல."

"அதான் தப்பாப் போச்சு. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா அறுபத்திநாலுல நின்னிருப்பா."

"குறிப்புல சீட்டு விஷயத்த நான் எழுதட்டுமா?"

"அவா எழுதியிருந்தா சேர்த்திருக்கலாம். நீ எப்படி எழுதுவே? ஆதாரம் எங்கே? உங்கம்மா சொன்னான்னு போடுவியா?"

*

நாலரைக்கு அவள் வீட்டில் மேஜை முன் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். திரை, பன்னிரண்டு. குஞ்சம், பன்னிரண்டு. முதல் கொடி, இரண்டாவது கொடி. ஜெயித்தவர், தோற்றவர். தோற்றவருக்குப் போட்ட பொன்னாடைக்கும் அதே பன்னிரண்டுதான். அந்த ஒரு விஷயத்தில் ஷீட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை.

மைனஸ் எட்டு வர வேண்டும். சைபருக்குக் கீழே இறங்க ஷீட்டுக்குத் தெரியாது. சைபரில் நின்றது.

பன்னிரண்டு வரிக் குறிப்பொன்றை எழுதினாள். சீட்டு, நாற்பது பூ, தன் சாமிக்குத் தான் தைக்கக் கூடாது என்கிற விதி. ஆதாரம் என்ற இடத்தில் வந்து நின்றாள். கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்குக் குறிப்பை அழித்தாள்.

ஐந்து மணிக்கு அனுப்பினாள். அனுப்பிய நொடியிலேயே மார்க் முதலீட்டுக்காரர்களுக்கும் பெல்தாரியோவுக்கும் போய்விடும்.

கீழே யாரோ சுக்கு மூட்டையைப் புரட்டினார்கள். கடலிலிருந்து ஒரு கப்பல் ஊதியது. அவ்வளவுதான். ஒரு கம்பெனி சைபர் வாங்குவது இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிற காரியம்.

*

ஒச்சம்மாள் ஆறே முக்காலுக்கு வந்தாள். வழக்கமாகப் படியேறும்போதே பேசிக்கொண்டு வருகிறவள், இன்று வாசலில் வந்துதான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இடுப்பில் ஒரு பெரிய பிஸ்கட் டின்.

"என்னம்மா இது?"

"இத்தாலியிலேருந்து மெயில் வந்துச்சு." டின்னைத் தரையில் வைத்தாள். "ஷபானா மக வந்து வாசிச்சுச் சொன்னா. மறுபடி சொல்ற வரைக்கும் வேலை இல்லையாம். சட்டத்துல இருக்கறத அப்படியே கழத்தி அனுப்பணுமாம். அரைப் பூவுல நிக்குது, அத எப்படிக் கழத்த?"

"இக்கா என்ன சொன்னார்?"

"அது என்ன சொல்லும்? லெட்டர மறுபடி மறுபடி எடுத்து வாசிக்குது. எங்க தப்பாச்சுன்னு தேடுது. யாரையோ விட்டுட்டோம் போல, அதான் கோவிச்சுக்கிட்டாங்கன்னு சொல்லுது. பத்தாவதா யாருன்னு ஒக்காந்து யோசிச்சுக்கிட்டிருக்கு."

சங்கரி டின்னுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மிச்ச நூல் அம்புட்டும் அவங்களோடதாம். நிறம் நிறமாப் பிரிச்சு, எடை போட்டு, நாளைக்கு கூரியர்ல அனுப்பணுமாம். இருபத்திரண்டு பேருக்கும் கை ஓடல. நான் வீட்டுல வச்சுப் பிரிச்சுத் தாரேன்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

மூடியைத் திறந்தாள். பச்சையும் சிவப்பும் பொன்னுமாக நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கிடந்தன. விரல் நீளம், அரை விரல் நீளம். அவற்றின் நடுவே மடித்த காகிதச் சீட்டுகள். ஒச்சம்மாள் பழக்க தோஷத்தில் சீட்டுகளை மட்டும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒரு பச்சை நூலை உருவத் தொடங்கினாள்.

அருண்பாண்டி வந்து வாசலில் நின்றான். டின்னைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து உட்கார்ந்து, அவனும் ஒரு நூலை எடுத்தான். மூட்டை தூக்கும் விரல்களில் அந்த நூல் நிற்கவில்லை.

"சிவப்ப இங்க போடு," என்றாள் ஒச்சம்மாள்.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் நூல் பிரித்தார்கள். மேஜைமேல் திறந்திருந்த கம்ப்யூட்டர் தானாக அணைந்தது.

"சங்கரி."

"ம்."

"கேள்வி கேட்டு அனுப்புச்சே ஒரு ஆபீஸு, அது உன் ஆபீஸ் மாதிரிதானாம். அருணு சொன்னான். உங்க ஆளுகளுக்குள்ள விசாரிச்சா தெரிஞ்சுராதா, யாருன்னு?"

சங்கரியின் விரலில் பச்சை நூல் இறுகியது.

"சண்டை போட இல்லடி. அவுகளும் சம்பளத்துக்கு வேலை செய்யிறவுகதான்." ஒச்சம்மாள் மடியிலிருந்த சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "அது யாருன்னு கண்டுபிடிச்சு, ஒரே ஒரு தடவ நம்ம பட்டறைக்குக் கூட்டிட்டு வா. நாங்க எப்படிச் சீட்டு எடுக்குறோம்னு நானே காட்டுறேன். கூட்டிட்டு வர்றியா?"